சின்னக்கண்ணுவின் இருமல்

புக்கிட் செராயில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரும் கல்லுக்குண்டு போல ஆரோக்கியமாக இருந்த அந்த ஐப்பசி மாதத்தில்தான், முதல் மழை பெய்த காலையில், ஈப்போவிலிருந்து வரும் ஏழு மணி பஸ்ஸில் எங்களுடைய இருமல்கள் எல்லாம் வழக்கம்போல வந்து இறங்கின. வருடா வருடம் வருகிறவைதான், முதல் மழைக்குத் தவறாதவைதான், ஆனால் அந்த வருடம் எங்கள் உடம்புகள் எல்லாம் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்ததால், போக்கிடம் இல்லாமல் பஸ் நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில் கூட்டமாக நின்று, ஆளே இல்லாமல் இருமிக்கொண்டிருந்தன. டிரைவர் திரும்பிப் பார்த்து, "எல்லாம் எறங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மழைக்காலத்தில் துணி காய வைக்கவே நேரம் போதாத ஊர், ஆச்சரியத்துக்கு எங்கே போவது? எங்களுக்கு இருந்த ஒரே கவலை எது யாருடையது என்பதுதான், அதுவும் பத்து நிமிடத்தில் தீர்ந்தது, ஏனென்றால் நாற்பது ஐம்பது வருடம் ஒரே தெருவில் ஒருவர் இருமுவதை ஒருவர் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முகத்தை மறந்தாலும் இருமலை மறக்க மாட்டோம். "இது டைலர் கடை ஆறுமுகம் அண்ணனோடது, இது ஆ லான் அக்காவோடது, அந்த மூலையில மூக்க உறிஞ்சிக்கிட்டு நிக்கிறது நம்ம தமிழ்ப்பள்ளி ஹெட்மாஸ்டரோடது" என்று ஆளாளுக்கு அடையாளம் காட்ட, அவை ஒவ்வொன்றாகப் பிரிந்து, மழையில் நனைந்தபடி அவரவர் வீட்டு வாசலுக்குப் போய் நின்றன.

இது எப்படி ஆனது என்று கேட்டால், எல்லாம் ஒரு கோப்பைக்கு ஆசைப்பட்டதால் வந்தது. முந்தின வருடம், சிறந்த சிற்றூர் போட்டிக்கு நடுவர்கள் வந்திருந்த நாளில் ஊரே சளி பிடித்துக் கிடந்தது. வரவேற்புப் பாட்டு பாடிய பிள்ளைகள் இருமினார்கள், மாலை போட்டவர் மாலைக்குள்ளேயே தும்மினார், கோவில் தலைவர் பரந்தாமனுக்கு ஒரு தும்மல் வந்தால் ஏழு வரும், அந்த ஏழும் பேச்சின் முதல் வரியிலேயே வந்தன. கோப்பை பக்கத்து ஊரான கம்போங் மெங்குவாங்குக்குப் போய்விட்டது. அந்த ஊரில் பாதிச் சாக்கடைக்கு மூடி கிடையாது. இந்த அவமானத்தைத் தாங்க முடியாமல் பரந்தாமனும், மலாய்க்காரர்களின் ஊர்த்தலைவர் ஹாஜி ரம்லியும், சீனச் சங்கத்துக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து, எங்கள் ஊரின் ஒரே சீன மருந்துக்கடைக்குப் போய், அடுத்த மழைக்கு ஒருவருக்கும் ஒன்றும் வரக்கூடாது என்று கடை முதலாளி சியூ தவுக்கேயிடம் கேட்டுக்கொண்டார்கள்.

சியூ தவுக்கே இதற்காகவே நாற்பத்திரண்டு வருடம் காத்திருந்தவர். அவருக்கு நோயாளிகளைக் கண்டாலே பிடிக்காது. இருமிக்கொண்டு யாராவது கடைக்குள் வந்தால், கல்யாணம் முடிந்து பந்திப் பாத்திரம் கழுவும்போது வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்து, "இப்ப வந்து என்னா லா? ஆகஸ்டுல எங்க போன?" என்று கேட்பார். மழையில் வரும் நோய்க்கு வெயிலில் மருந்து போட வேண்டும் என்பது அவருடைய சாஸ்திரம். சீனக் காலண்டரில் வருடத்தின் மிக உஷ்ணமான மூன்று நாட்களைக் குறித்துவைத்து, அந்த நாட்களில் வெள்ளைக் கடுகையும், பெயர் சொல்லாத மூன்று வேர்களையும் அரைத்து, இஞ்சிச் சாற்றில் குழைத்து, வில்லையாகத் தட்டி, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் முதுகுத்தண்டின் இருபக்கமும் ஒட்டிவிட வேண்டும். உள்ளே போன வெயில் உள்ளேயே இருந்துகொண்டு, மழை வரும்போது கதவைத் திறக்காது. "வந்த நோயை வெரட்டுறது போலீஸ்காரன் வேலை. நான் வைத்தியன்" என்று சொல்லி, அவர் அந்த ஆடி மாதம் ஊர் முழுவதையும் சட்டையைக் கழற்றச் சொன்னார்.

மருந்துக்குக் கடுகு வறுப்பதுதான் உயிர்நாடி. எண்ணெய் விடக்கூடாது, தணல் சூட்டில் வறுக்க வேண்டும், நிறம் மாறி வாசம் கிளம்பும்போது சட்டென்று இறக்கிவிட வேண்டும், ஒரு கடுகு வெடித்தாலும் மருந்தில் பாதி செத்தது. கடையில் இந்த வேலை தனபாக்கியத்தினுடையது. சீன எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாமலே, இருநூறு சின்ன இழுப்பறைகளில் எதில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். பத்தொன்பது வருடமாகச் சின்னச் சட்டியில் அவள் வறுத்த கடுகில் ஒன்றுகூட வெடித்ததில்லை. ஆனால் ஆயிரத்துச் சொச்சம் முதுகுக்குச் சின்னச் சட்டி காணாது என்று, கோவிலின் அன்னதானச் சட்டியை இரண்டு பேர் தூக்கிவந்து கடையின் பின்கட்டில் வைத்தார்கள், சட்டியோடு அன்னதானம் சமைக்கும் பெண்கள் எட்டுப் பேரும் கூடவே வந்தார்கள்.

கடுகைச் சட்டியில் போட்டுவிட்டு வெடிக்குமுன் இறக்கிப் பழகிய கைகளா அவை? ஒருத்தி பழக்கதோஷத்தில் எண்ணெயை ஊற்றினாள், கடுகு படபடவென்று வெடித்தது, வெடித்த சத்தம் கேட்டதுமே இன்னொருத்தியின் கை தானாக நீண்டு கறிவேப்பிலையை உருவிப் போட்டது, மூன்றாவது ஒருத்தி காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "பெருங்காயம் எங்க?" என்று கேட்டாள். தனபாக்கியம் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அவள் புருஷன் இறந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது, கரண்டி கையில் இருந்தது, மனசு எங்கேயோ இருந்தது. சுதாரித்துப் பார்த்தபோது ஐந்து கட்டிக் கடுகும், கிலோவில் மூன்று, தாளித்து முடிந்திருந்தது. அவள் மிளகாயையும் கறிவேப்பிலையையும் பொறுக்கி எடுத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு அரைக்க ஆரம்பித்தாள். கடைமுன்னால் முதுகுகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்த தவுக்கே மூக்கை விரித்து, நல்ல வாசமாக இருக்கிறதே, இன்று மத்தியானம் ரசம் போல என்று சந்தோஷப்பட்டார்.

ஆகவே கதவு சாத்தியிருந்தது, ஆனால் வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் பலம் மருந்துக்கு இல்லை. இதுதான் காரணம், இதற்கு மேல் காரணம் எங்களுக்கும் தெரியாது.

இருமல்கள் வந்து ஒரு வாரத்துக்குள் நாங்கள் அவற்றோடு வாழப் பழகிவிட்டோம். ஹாஜி ரம்லியின் காய்ச்சல் ஆ லான் அக்காவின் கோப்பிக்கடையில் மூன்றாவது பெஞ்சியில் உட்கார்ந்துகொண்டது. பெஞ்சி எப்போதும் சுடச்சுட இருந்ததால் மழைக்காலத்தில் காயாத துணிகளையெல்லாம் தெருவே கொண்டுவந்து அங்கே விரித்தது, கருவாடு காயப்போட்டவர்களும் உண்டு, பூனை அதைவிட்டு நகரவே இல்லை. ஹாஜி தினமும் வந்து, தன் காய்ச்சலுக்கு எதிரில் உட்கார்ந்து, கோப்பி குடித்துவிட்டு, "ஊருக்கு உபகாரமாக இருக்கிறது, இருக்கட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போவார். நகைக்கடைக்காரர் தன் இருமலைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பினார். பள்ளிக்கூடத்துச் சளிகள் வகுப்புக்கு வெளியே வரிசையில் நின்றன, மணி அடித்தால் கலைந்தன. பரந்தாமனின் தும்மல் எல்லாக் கூட்டங்களுக்கும் அவருக்கு முன்பாகவே போய்விட, ஏழு தும்மல் கேட்டதும் எல்லோரும் மரியாதைக்கு எழுந்து நிற்பார்கள், பின்னாலேயே அவர் நுழையும்போது எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அவருக்கு அது பெரிய மனக்குறை. சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருப்பவரின் இருமல் மட்டும் அவர் வீட்டு வாசலுக்குப் போகாமல் வேறொரு வீட்டு வாசலில் நான்கு நாள் நின்றது. யார் வீடு என்று நாங்கள் சொல்ல மாட்டோம், பச்சைக் கேட் போட்ட வீடு.

அந்தக் கூட்டத்தோடு வந்ததுதான் சின்னக்கண்ணுவின் இருமல்.

சின்னக்கண்ணு தனபாக்கியத்தின் புருஷன். இருபத்தாறு வருடம் ஸ்கூல் வேன் ஓட்டியவர். பங்குனி மாதத்தில் ஒரு பகல், கடைசிப் பிள்ளையை அதன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வேனை ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனார், அவ்வளவு பொறுப்பான மனிதர். பொண்டாட்டி மருந்துக்கடையில் வேலை பார்த்தும், முதுகில் கடுகு ஒட்டுவதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் அவருடைய இருமல் வருடம் தவறாமல் வரும். இரண்டு சின்ன இருமல், நடுவில் கொஞ்சம் இடைவெளி, பிறகு மேட்டில் கியர் மாற்றும் வண்டி போல ஒரு நீண்ட இருமல், அதன் முடிவில் "முருகா" என்று ஒரு சொல். வெயில் காலத்தில் இறந்துபோனதால் இருமலுக்கு விஷயம் தெரியாது. யாரும் சொல்லி அனுப்பவும் இல்லை, எங்கே என்று சொல்லி அனுப்புவது? அது எப்போதும் போலப் பஸ்ஸிலிருந்து இறங்கி, தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டுக்குப் போய், வேன் நிற்கும் கொட்டகைக்குள் நுழைந்து, இருமியது.

வாசல் கூட்டிக்கொண்டிருந்த தனபாக்கியத்தின் கையிலிருந்த விளக்குமாறு அப்படியே நின்றது. இரண்டு சின்னது, இடைவெளி, ஒரு நீண்டது, பிறகு ஒன்றுமில்லை. "முருகா" என்ற சொல் உடம்போடு போய்விட்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தானே மெல்ல "முருகா" என்றாள், உள்ளே போய்ச் சுக்குப் போட்டுத் தேத்தண்ணி கலக்கி, கொண்டுவந்து வேனின் படியில் வைத்தாள். ஏழு மாதமாக அழாமல் இருந்தவள் அன்றைக்குத்தான் அழுதாள், அதுவும் சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவளைப் பார்க்க வேண்டுமே. காலையில் எழுந்து கொட்டகைக்கு முன்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டு, வெங்காயம் உரித்தபடி, ஊர்க்கதையெல்லாம் சொல்லுவாள். கேட்கவேண்டிய இடத்தில் அது இருமும், இருமாவிட்டால், "கேக்குறீங்களா இல்லையா?" என்று அதட்டுவாள். பகலில் அது வேன் போன பழைய வழியிலேயே தெருத்தெருவாகப் போய், பிள்ளைகள் இருக்கும் வீட்டு வாசலில் எல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வரும். போகிற வழியில் அது இருமி முடிக்கும்போது ஒரு குறை தொங்கி நிற்பதை எங்களால் தாங்க முடியாது, பக்கத்தில் இருப்பவர் யாரோ அவரே "முருகா" என்று முடித்து வைத்துவிடுவார். ஆ லான் அக்கா கோப்பி ஆற்றிக்கொண்டே சொல்லுவார், மீன் வெட்டும் மலாய்க்காரர் கத்தியை நிறுத்தாமலே சொல்லுவார், சியூ தவுக்கே கல்லாவில் உட்கார்ந்தபடி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்லுவார்.

ஆனால் போட்டி நாள் நெருங்கியது, பரந்தாமனுக்குத் தூக்கம் போனது. கார்த்திகை இரண்டாம் வாரம் நடுவர்கள் வருகிறார்கள், ஆளில்லாத இருமல் ஆளோடு இருக்கும் இருமலைவிட மோசம், ஆளாக இருந்தால் வாயைப் பொத்தச் சொல்லலாம். அவர் மருந்துக்கடைக்கு வந்து மேசையைத் தட்டினார்.

"தவுக்கே, இதுக்கு ஒரு வழி சொல்லுங்க. நீங்கதானே மருந்து போட்டீங்க?"

"என் மருந்துல கொறை இல்லே. எங்கப்பா எழுதினது, அவர் அப்பா எழுதினது" என்றார் தவுக்கே, முகம் சிவந்துபோய். நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் மருந்தைப் பற்றி யாரும் அப்படிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து அவர் சாப்பாட்டைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, அப்பாவின் பழைய புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டித் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார், கண் சிவந்தது, ஆள் இளைத்தார். தனபாக்கியம் பக்கத்திலேயே வேர் நறுக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். தப்பு புத்தகத்தில் இல்லை, தன் கரண்டியில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் தவுக்கே சரியான மருந்தைத் திரும்பப் போட்டுவிடுவார், எல்லாம் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடும், அதுவும்தான் போய்விடும். அவள் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் சோறு போட்ட மனிதரை அப்படி வாடவிட்டது பாவம்தான், அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

இதற்கிடையில் இருமல்களும் அலுத்துப்போயின. ஒரு மாதமாக ஒரே வாசலில் நின்று திறக்காத கதவைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அலுக்காது? அவை வேறு திறந்த கதவு ஏதாவது இருக்கிறதா என்று தெருவில் தேட ஆரம்பித்தன. எங்களுக்குத் தெரிந்து ஊரில் ஒன்று இருந்தது. தபால்காரர் ஜெகதீசனின் மனைவி கோமளாவுக்குப் புரட்டாசியில் ஒரு பெண்குழந்தை பிறந்திருந்தது. ஆடியில் எல்லோருக்கும் மருந்து ஒட்டியபோது அது உலகத்துக்கே வரவில்லை.

பிள்ளை பெற்றவளுக்கென்று தவுக்கே காய்ச்சிக் கொடுத்த இஞ்சிக் கஷாயத்தை எடுத்துக்கொண்டு தனபாக்கியம் ஒரு முற்பகலில் அந்த வீட்டுக்குப் போனபோது, அறையின் ஜன்னலுக்கு வெளியே நாற்பது ஐம்பது இருமல்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன. கோமளா ஜன்னலை இறுகச் சாத்தி, இடுக்குகளில் துணியை அடைத்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலின் அந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள். "காலையிலேர்ந்து போக மாட்டேங்குதுக்கா. எனக்கு பயமா இருக்கு" என்றாள். அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இரண்டு சின்ன இருமல் கேட்டது, கொஞ்சம் இடைவெளி, பிறகு அந்த நீண்டது.

தனபாக்கியம் கஷாயத்தைக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் அவரை ஒரு நாள்கூடத் தெருவில் வைத்து ஏசியதில்லை.

"என்னாங்க இது? உங்களுக்கு அறிவிருக்கா? ஊருப் புள்ளைங்கள எல்லாம் பத்திரமா ஏத்தி எறக்குன மனுசன் நீங்க. முப்பத்தெட்டு நாளு புள்ளை இது, அது நெஞ்சு என் கை அகலம் இருக்காது. அதுக்குள்ள போயி என்னா பண்ணப் போறீங்க? வெக்கமா இல்ல?"

ஜன்னலடியில் சத்தம் நின்றது. மற்ற இருமல்கள்கூட அடங்கிப்போயின.

"உங்களுக்கு உள்ள போக ஒடம்பு இல்லீங்க" என்றாள் அவள். "பங்குனியிலேயே போயிருச்சு. மொத நாளே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்களும் போயிருவீங்கன்னு நான்தான் சொல்லல. தப்பு என் மேலதான். வாங்க வீட்டுக்கு."

அவள் முன்னால் நடந்தாள், அது பின்னால் வந்தது. அவர் உயிரோடு இருந்தவரை எப்போதும் பத்தடி முன்னால்தான் நடப்பார். தெருவில் இருந்த நாங்கள் யாரும் அன்றைக்கு "முருகா" சொல்லவில்லை, அது இருமினால்தானே சொல்வதற்கு.

அது கொட்டகைக்குள் போனதும் அவள் நேராக மருந்துக்கடைக்குப் போய், தவுக்கேயின் முன்னால் நின்று, "புத்தகத்த மூடுங்க தவுக்கே. ஆடி மாசம் கடுகத் தாளிச்சுப்புட்டோம். எண்ண ஊத்தி" என்றாள்.

தவுக்கே புத்தகத்தை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கறிவேப்பிலையுமா?"

"கறிவேப்பிலையும்."

"அன்னிக்கி நான் ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்" என்றார் அவர், தன்னையே திட்டிக்கொள்வது போல. பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இந்தத் தடவை ஒழுங்கா செஞ்சா எல்லாம் போயிடும். ஒடம்பு இருக்கறவன் இருமல் அடுத்த வருசம் திரும்ப வரும், அதுக்கு வழி தெரியும். ஒடம்பு இல்லாதது போனா வராது. தெரியும்தானே?"

"தெரியும். அந்தப் புள்ளையப் பாத்துட்டு வந்துதான் சொல்றேன்" என்றாள் அவள். "எத்தன கட்டி வறுக்கணும்?"

ஆனால் மருந்துக்கு வெயில் வேண்டும், கார்த்திகையில் வெயிலுக்கு எங்கே போவது? ஹாஜி ரம்லிதான் வழி சொன்னார். ஊரில் இருந்த காய்ச்சல்களையெல்லாம், தன்னுடையதை முதலாவதாக, சமூக மண்டபத்துக்குள் அழைத்துப்போய் உட்காரவைத்தார். பூனையும் கூடவே போனது. பதினேழு காய்ச்சல்கள் ஒரே மண்டபத்தில் கூடியதும், ஜன்னல் கண்ணாடி வியர்த்து, சுவரில் மாட்டியிருந்த காலண்டரே ஆகஸ்டுக்குத் திரும்பியது போல ஒரு புழுக்கம் எழுந்தது, தவுக்கே உள்ளே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "போதும், இதுதான் உஷ்ணம்" என்றார்.

அன்னதானச் சட்டி மறுபடி வந்தது, பெண்கள் எட்டுப் பேரும் வந்தார்கள். தனபாக்கியம் அவர்களை வாசலோடு நிறுத்திவிட்டு, எண்ணெய் டின்னையும் அவர்கள் கையிலேயே கொடுத்துக் கதவைச் சாத்தினாள். பரந்தாமன் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு கடுகு வெடித்தால் போதும், சின்னக்கண்ணுவின் இருமல் அவளோடு இருந்துவிடும். ஒன்றே ஒன்று, கை கொஞ்சம் தாமதித்தால் போதும், யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, கடுகு என்றால் வெடிக்கத்தானே செய்யும். கடுகு நிறம் மாறியது எங்களுக்குக் கதவிடுக்கில் தெரிந்தது, வாசம் கிளம்பியது. ஒரு சத்தமும் வரவில்லை. ஐந்து கட்டியும் வறுத்து இறக்கிவிட்டு அவள் கதவைத் திறந்தபோது, சட்டியில் இருந்த கடுகு முழுக்கப் பொன்னிறமாக, ஒன்றுகூட வாய் திறக்காமல் இருந்தது. பரந்தாமன் கையெடுத்துக் கும்பிட்டார், அதைச் சட்டிக்குச் செய்தாரா அவளுக்குச் செய்தாரா என்று தெரியவில்லை.

மண்டபத்துப் புழுக்கத்தில் ஊர் முழுவதும் வரிசையில் நின்று முதுகைக் காட்டியது. ஆண்களுக்குத் தவுக்கே ஒட்டினார், பெண்களுக்குத் தனபாக்கியம் ஒட்டினாள். கடைசிப் பெண்ணுக்கு ஒட்டி முடித்ததும் அவள் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டாள். தன் முதுகில் தானே ஒட்டிக்கொள்ள யாராலும் முடியாது. பதினெட்டு வருடம் அந்த வேலையைச் சின்னக்கண்ணு செய்தார், ஆடியில் செய்ய ஆளில்லாமல் வில்லை அவள் தட்டிலேயே காய்ந்துபோனது, இப்போதும் அப்படித்தான். ஊரே நெரிசலில் சட்டை மாட்டிக்கொண்டிருந்ததால் இதை ஒருவரும் கவனிக்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஈப்போ போகும் பஸ் வந்து நின்றதும் இருமல்களும் தும்மல்களும் காய்ச்சல்களும் முனகிக்கொண்டே ஏறின. பள்ளிக்கூடத்துச் சளிகள் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டன. ஹாஜி தன் காய்ச்சலைக் கடைசி சீட்டில் உட்காரவைத்துவிட்டு, "மழைக்கு உதவியாக இருந்தாய், நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். டிரைவர் எண்ணிப் பார்த்து, "ஒண்ணு கொறையுதே?" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாம் ஏறியாச்சு, நீங்க போங்க என்று ஆ லான் அக்கா பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

அந்த நேரத்தில் தனபாக்கியம் வேன் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, "வேற எங்கயும் போக வேணாம், வாங்க" என்று சொல்லி, வாயைத் திறந்து மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் தொண்டையில் லேசாக ஒரு அரிப்புத் தெரிந்தது.

போட்டி நாள் அன்று நாங்கள் வரலாறு காணாத சுத்தத்தோடு நின்றோம். மூன்று நடுவர்களும் கையில் அட்டையோடு நின்றார்கள், பிள்ளைகள் வரவேற்புப் பாட்டைப் பிசிறில்லாமல் பாடி முடித்தார்கள், பரந்தாமன் மைக்கைப் பிடித்து, ஒரு தும்மலும் இல்லாமல், "மதிப்புக்குரிய நடுவர்களே" என்றார். ஊரே நிசப்தமாக இருந்தது. அப்போது பெண்கள் வரிசையின் பின்னாலிருந்து இரண்டு சின்ன இருமல் கேட்டது. கொஞ்சம் இடைவெளி. பிறகு மேட்டில் கியர் மாற்றும் வண்டி போல ஒரு நீண்ட இருமல்.

எங்களை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஒரு மாதத்துப் பழக்கம். இந்தியர், சீனர், மலாய்க்காரர் ஆயிரம் பேரும் ஒரே குரலில், வயிற்றிலிருந்து, "முருகா!" என்றோம். பரந்தாமன் மைக்கிலேயே சொன்னார். நடுவர்களில் ஒருவர் அட்டையைக் கீழே போட்டுவிட்டார். கோப்பை மறுபடியும் கம்போங் மெங்குவாங்குக்குப் போனது. அந்த ஊரில் இன்னும் சாக்கடைக்கு மூடி கிடையாது.

மறுநாள் காலை, மழை சோவென்று பெய்துகொண்டிருந்தபோது, சியூ தவுக்கே நாடி பார்க்கும் சின்னத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தொப்பலாக நனைந்து, தனபாக்கியத்தின் வீட்டுக்கு வந்தார். நாற்பத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு நோயாளியைத் தேடிப் போனது அதுதான் முதல் தடவை. அவள் மணிக்கட்டைத் தலையணையில் வைத்து மூன்று விரலால் அழுத்திப் பார்த்தார். அவள் இருமினாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டே அந்த இருமல் முழுவதையும் கேட்டார். வேன் ஓட்டி முடித்து, கடைவாசல் அஞ்சடிப் பாதையில் தன்னோடு உட்கார்ந்து தாம் பலகையில் காய் நகர்த்தி, தோற்றதும் காய்களைக் கலைத்துவிட்டுப் போகிற அந்த மனிதரை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அவர் கண் கலங்கியது.

"எத்தன நாளைக்கு இருக்கும் தவுக்கே?" என்று அவள் கேட்டாள்.

"நல்ல மருந்து குடுத்தா மூணு நாள்ல போயிடும். சும்மா விட்டா பத்து நாள்."

அவள் தரையைப் பார்த்தாள். "பத்து நாள்தானா? இன்னும் கொஞ்சம் தங்க வைக்கிறதுக்கு ஏதும் மருந்து இருக்கா?"

தவுக்கே வாசல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தார். அவர் அப்பாவின் புத்தகத்திலும், அவர் அப்பாவின் அப்பாவின் புத்தகத்திலும் அப்படி ஒரு மருந்து எழுதப்பட்டிருக்கவில்லை. பிறகு பையிலிருந்து காகிதத்தை எடுத்து, முழங்காலில் வைத்து, எழுதிக்கொண்டே சத்தமாகச் சொன்னார்.

"காலையில ஐஸ் தண்ணி, பெரிய கிளாஸ்ல. மத்தியானம் எளநீர், அதுலயும் ஐஸ் போடு. எண்ணெயில பொரிச்ச வாழைப்பழம், சூடா சாப்பிடு, உடனே தண்ணி குடி. சாயங்காலம் தலைக்குக் குளி, தொவட்டாதே. ஈரத் தலையோட ஃபேனுக்குக் கீழ படு, நம்பர் அஞ்சுல வை." கொஞ்சம் யோசித்து, இன்னும் ஒரு வரி சேர்த்தார். "மார்கழி முடியிற வரைக்கும் கடைக்கு நடந்தே வா."

காகிதத்தை மடித்து அவள் கையில் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போய், மழை விடவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிவந்து, மூலையில் சாத்தியிருந்த, அந்த வீட்டில் இருந்த ஒரே குடையை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நனைந்துகொண்டே கடைக்குப் போனார்.